வீட்டு முற்றத்தில் செயற்கைப் புல்: விரிப்பதற்கு முன்னும் பின்னும்

சென்னையிலும் கோவையிலும் புதிதாகக் கட்டும் தனி வீடுகளில் வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி இடம் மிஞ்சுகிறது. சிமெண்ட் பூசி மூட மனம் வருவதில்லை. நிஜப் புல் வைத்தால் தண்ணீர் விட்டு, வெட்டி, களை எடுத்துக் காப்பாற்ற ஆள் இல்லை. அப்போதுதான் செயற்கைப் புல் நினைவுக்கு வருகிறது. கடையில் சுருளை விரித்துக் காட்டும்போது எல்லாப் புல்லும் அழகாகத்தான் இருக்கும். ஓர் ஐப்பசி மழையும் ஒரு சித்திரை வெயிலும் கடந்த பிறகே வேலை ஒழுங்காக நடந்ததா என்று தெரியும். ஆகவே வேலை நடக்கும் வரிசையிலேயே இந்தக் குறிப்புகளைத் தருகிறேன். இவற்றில் பல புல்லைப் பற்றியல்ல, அதற்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான்.

1. முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 1965-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை வேய்ந்த பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. உள்ளே வைத்தது நம் அருகம்புல்லின் உறவான ஒரு கலப்பினப் புல். கூரையின் ஒளி புகும் பலகைகளால் ஆட்டக்காரர்களுக்குக் கண் கூசியது. பலகைகளுக்குச் சாயம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்துப்போனது. 1966-ல் மான்சாண்டோ நிறுவனத்தின் நைலான் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கத்திலிருந்து வந்ததுதான். ஆக, வெயில் கிடைக்காத இடத்தில் பேரெடுத்த பொருள் இது. உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட இடமே இதற்குப் பொருத்தம்: இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்து, வடக்குப் பக்கத்து நிழல், போர்ட்டிகோ ஓரம், எத்தனை முறை நட்டாலும் புல் சொட்டையாகிற மரத்தடி. நல்ல மண்ணும் நாலைந்து மணி நேர வெயிலும் கிடைக்கிற இடமாக இருந்தால், நர்சரியில் கொரியன் கிராஸ் வாங்கி நடுவதையே நான் சொல்வேன்.

2. வெயிலில்தான் விரிக்க வேண்டும் என்றால் சூட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைக்கு அது முடியாது. உச்சி வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். கடையில் ஓர் அடி சதுரத்துக்குச் சாம்பிள் கேட்டு வாங்கி, நீங்கள் விரிக்கப்போகும் அதே இடத்தில் பகல் 2 மணிக்கு வைத்து, வெறுங்காலால் மிதியுங்கள். பத்து விநாடி நிற்க முடியவில்லையென்றால் குழந்தைகளால் அங்கே விளையாட முடியாது. தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும்; ஆனால் வெயில் இருக்கும்வரை கொஞ்ச நேரத்தில் மீண்டும் ஏறிவிடும். நிழல் வலை கட்டுவது அல்லது மேற்குப் பக்கம் ஒரு மரம் வைப்பதுதான் நிலையான வழி.

3. தரைக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி, கழிவுநீர்ச் சேம்பர், போர்வெல் குழாய், மின் இணைப்பின் எர்த் குழி ஆகியவை எல்லாம் பெரும்பாலும் இதே முன்வாசலில்தான் இருக்கும். எதையும் புல்லுக்குள் புதைத்துவிடக் கூடாது. லாரித் தண்ணீர் வரும் நாளில், செப்டிக் டேங்க் லாரி வரும் நாளில், மூடி எங்கே என்று தேடிப் புல்லைக் கிழிக்க நேரும். மூடியின் அளவுக்குத் தனித் துண்டு வெட்டி, மூடியின் மேலேயே ஒட்டிவிட்டால், மூடியோடு சேர்ந்து எடுத்து வைக்கலாம். எர்த் குழியை மட்டும் மூடவே வேண்டாம். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஊற்றத் தோன்றும்.

4. மழைநீர் சேகரிப்புக் குழியின் மேல் புல் வரக்கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழியின் மேலுள்ள ஜல்லி, மணலை ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளறிக் கழுவினால்தான் நீர் உள்ளே இறங்கும். சுற்றிலும் ஓர் அடி விட்டுவிட்டு, கூழாங்கல் பரப்பிவிடுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

5. முற்றம் முழுவதையும் மூட வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். சுவரோரம் இரண்டடி மண்ணாகவே இருக்கட்டும். செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வைக்கலாம். மழைத் தண்ணீர் இறங்க ஒரு வழி, மண்புழுவுக்கு ஓர் இடம். பச்சை பிளாஸ்டிக்கின் நடுவே உண்மையான இலைகள் நாலு ஆடினால்தான் அந்த இடம் தோட்டமாகத் தெரியும்.

6. அளவெடுப்பதில் பணம் மிச்சமாகும். நம் ஊரில் சுருள் பெரும்பாலும் 2 மீட்டர் அகலத்தில், அதாவது சுமார் ஆறரை அடியில் வருகிறது. இடம் 12 அடி அகலம், 14 அடி நீளம் என்று வையுங்கள். நீளவாக்கில் விரித்தால் இரண்டு பட்டைகள் போதும். இரண்டும் சேர்ந்து 13 அடி அகலத்தை மூடிவிடும். பட்டைக்கு மூன்று அங்குலம் கூடுதலாகச் சேர்த்தாலும் 187 சதுர அடி வாங்கினால் முடிந்தது. அதையே குறுக்குவாக்கில் விரித்தால் 14 அடியை மூட மூன்று பட்டைகள் வேண்டும். 241 சதுர அடி ஆகிவிடும். இடம் ஒன்றுதான், செலவில் 54 சதுர அடி வித்தியாசம். போதாததற்கு ஒரு மூட்டு கூடுகிறது. வரைந்து பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். எல்லாப் பட்டைகளையும் ஒரே சுருளிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். வேறு வேறு சுருளானால் பச்சை நிறம் லேசாக மாறும். கடையின் விளக்கில் தெரியாது, வாசல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

7. இழையின் உயரத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கடைக்காரர் 25, 35, 40, 50 மில்லிமீட்டர் என்று சொல்வார். உயரம் கூடக் கூட விலை ஏறும். வீட்டு உபயோகத்துக்கு 30 முதல் 40 போதும். அதற்கு மேல் போனால் இழை சீக்கிரம் சாயும், குப்பை உள்ளே சிக்கும். உயரத்தைவிட அடர்த்தி முக்கியம். துண்டைப் பின்பக்கமாக மடித்துப் பாருங்கள். தையல் வரிசைகளுக்கு நடுவே அடித்துணி அகலமாகத் தெரிந்தால் அது ஏமாற்றுப் புல். செருப்புக் காலால் ஒரு நிமிடம் மிதித்துவிட்டு, கையால் தடவிவிட்டால் எழுந்து நிற்க வேண்டும். ஒரு கொத்து இழையைப் பிடித்துப் பலமாக இழுங்கள். கையோடு வந்தால் பின்பூச்சு சரியில்லை. பின்பக்கத்தில் நீர்த்துளைகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா, அடைபடாமல் இருக்கின்றனவா என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மேல் இழை பாலிஎத்திலீனா, பாலிபுரோப்பிலீனா என்று கேளுங்கள். முன்னது மிருதுவானது, வாசலுக்கு ஏற்றது. பின்னது விறைப்பாக இருக்கும், ஒருமுறை படுத்தால் எளிதில் எழாது. அடியில் சுருள்சுருளாகக் காய்ந்த புல் நிறத்தில் இருக்கும் இழைக்கு மட்டும் அது பரவாயில்லை. புற ஊதாக் கதிர் பாதுகாப்பு எத்தனை ஆண்டுக்கு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடை உள் அலங்காரத்துக்கு விற்கும் 10 மில்லிமீட்டர் கட்டைப் புல்லை வெயிலில் விரிக்கவே வேண்டாம்.

8. மண்ணில் கோரை இருந்தால் அவசரப்படாதீர்கள். அருகும் மற்ற களைகளும் ஒருமுறை வேரோடு தோண்டி, மேலே துணி விரித்தால் பெரும்பாலும் அடங்கும். கோரை அப்படியல்ல. கிழங்கு கிழங்காகக் கீழே தொடர்ந்திருக்கும். அதன் முளை ஊசிமுனையோடு வருவதால் துணியையும் துளைத்துப் புல்லின் நீர்த்துளை வழியே எட்டிப் பார்க்கும். ஆறங்குலத்துக்குக் கொத்திக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். பிறகு தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் விடுங்கள். மீந்த கிழங்கெல்லாம் முளைவிடும். மறுபடி கிழங்கோடு எடுங்கள். இன்னொரு முறையும் செய்தால் நல்லது. வேலைக்காரர்கள் இதற்குக் காத்திருக்க மாட்டார்கள், நீங்கள்தான் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

9. இனி அடித்தளம். எந்த இடத்தில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பக்கத்துத் தரை மட்டத்திலிருந்து ஐந்து அங்குலம் மண்ணை எடுத்து, அடிமண்ணை நனைத்து, திமிசு போட்டு இறுக்குங்கள். அதன்மேல் முக்கால் ஜல்லி மூன்று அங்குலம். அதற்கு மேல் கால் ஜல்லி ஓர் அங்குலம், மட்டம் சேர்க்க மட்டும் மிக மெல்லிசாக எம்-சாண்ட். ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக நனைத்து இறுக்க வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மேலாக ஒருமுறை தட்டினால் அடுத்த மழையில் பள்ளம் விழும். இறுக்கிய தளம் பக்கத்துத் தரையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். புல் வந்து அதைச் சரிக்கட்டும். மேலே சொன்ன 168 சதுர அடி இடத்துக்கு இறுகிய பின் 42 கன அடி ஜல்லி வேண்டும். இறுகும்போது குறையும் என்பதால் அரை யூனிட், அதாவது 50 கன அடி, சொல்லிவிடுங்கள். கால் ஜல்லி 17 கன அடி போதும். கிரஷர் டஸ்ட்டைக் கனமாகப் போடுவது சில மேஸ்திரிகளின் வழக்கம். அது சிமெண்ட் போல இறுகும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் தண்ணீரை இறங்க விடாது.

கரிசல் மண்ணும் களிமண்ணும் உள்ள ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். அந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அங்கே ஜல்லியை ஐந்து அங்குலமாக்கி, அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை வடிகாலை நோக்கிப் போட்டுவிடுங்கள். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தால் ஜல்லி மண்ணுக்குள் புதையாமல் இருக்கும்.

10. வாட்டம் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் போக வேண்டும். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். டியூப் லெவல் வைத்து நான்கு மூலையிலும் நடுவிலும் பார்க்கச் சொல்லுங்கள். ரசமட்டம் மட்டும் வைத்துக் குத்துமதிப்பாகச் செய்வதை ஏற்க வேண்டாம்.

11. புல்லை விரிப்பதற்கு முன் தளத்துக்கு ஒரு மழை பெய்யச் செய்யுங்கள். ஹோஸ் குழாயைத் திறந்து அரைமணி நேரம் எல்லா இடத்திலும் விடுங்கள். எங்கே குட்டை நிற்கிறதோ அங்கே குச்சி நட்டுக் குறித்து, அன்றே கால் ஜல்லி போட்டுச் சரிசெய்யுங்கள். புல் வந்தபின் இதைத் திருத்த முடியாது. சென்னையில் ஓர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகைப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மழையைத் தாங்கினால் மீதி நாள் பற்றிக் கவலையில்லை.

12. களை வராமல் இருக்கப் பாலித்தீன் ஷீட்டோ தார்ப்பாயோ விரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் அதன் மேல் தேங்கும், நாற்றம் வரும், கொசு வரும், அடியில் பூரான் குடியேறும். நீர் புகும் துணி மட்டுமே போட வேண்டும். துண்டுகள் சேரும் இடத்தில் ஆறங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும்.

13. விளிம்புக்குக் கெட்டியான வரம்பு வேண்டும். செங்கல்லை நிறுத்திச் சிமெண்ட் கலவையில் பதித்தாலே போதும். பேவர் பிளாக்கும் ஆகும். வரம்புக் கல்லுக்கு அடியில் இரண்டு மூன்று இடத்தில் நீர் வெளியேறத் துளை விடுங்கள். மரச்சட்டம் வைக்காதீர்கள், கரையானுக்கு நாமே இலை போட்டுப் பரிமாறியதாகிவிடும்.

14. வேலைக்கு ஏற்ற மாதம் தை முதல் பங்குனி வரை. மழைக்காலத்தில் பசை காயாது. உச்சிக் கோடையில் புல் வெப்பத்தில் விரிந்திருக்கும். அப்போது அளவாக வெட்டி ஒட்டினால் இரவில் சுருங்கி மூட்டு வாய் திறக்கும். காலையில் சுருளைப் பிரித்து ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலில் கிடத்தி, சுருண்ட மடிப்புகள் தளர்ந்த பிறகு நிழலில் ஆறவிட்டு, மாலையில் வெட்டி ஒட்டுவதுதான் சரியான முறை. சுவரை ஒட்டும் இடத்தில் ஒரு சிறு விரல் நுழையாத அளவுக்கு, 4, 5 மில்லிமீட்டர், இடைவெளி விடுங்கள்.

15. இழைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு வீட்டு வாசலை நோக்கி இருந்தால் திண்ணையிலோ சோபாவிலோ உட்கார்ந்து பார்க்கும்போது புல் அடர்த்தியாகத் தெரியும். எல்லாப் பட்டைகளுக்கும் சாய்வு ஒரே திசைதான். ஒரு பட்டை திரும்பிவிட்டால் இரண்டு நிறமாகத் தெரியும்.

16. வெட்டுவது எப்போதும் பின்பக்கமாக, இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவே. முன்பக்கமாக வெட்டினால் இழைகள் துண்டாகி, மூட்டு வழுக்கையாகத் தெரியும். கட்டர் பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு அடித்துணியைப் பிய்க்கும். சுருளின் இரு ஓரத்திலும் தையல் இல்லாத கரை இருக்கும். அதோடு இரண்டு வரிசையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட வேண்டும்.

17. மூட்டைத்தான் மேஸ்திரியின் கைவண்ணம் என்று சொல்வேன். இரு பட்டைகளையும் முதலில் பசையில்லாமல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பட்டையின் கடைசி வரிசைக்கும் அடுத்ததன் முதல் வரிசைக்கும் உள்ள இடைவெளி, மற்ற வரிசைகளுக்கு நடுவே உள்ள அதே இடைவெளியாக இருக்க வேண்டும். நெருங்கினால் மேடு, விலகினால் கோடு. சரியாக அமைந்த பிறகு இரு ஓரத்தையும் மடக்கிவிட்டு, ஓர் அடி அகலமுள்ள மூட்டு நாடாவை நடுவில் விரித்து, பாலியூரித்தேன் பசையைப் பூசி, ஓரங்களைத் திருப்பி வையுங்கள். இழை எதுவும் பசையில் சிக்காமல் விரலால் விலக்கிக்கொண்டே போக வேண்டும்; இதற்கு இரண்டு ஆட்கள் அவசியம். மேலே செங்கற்களை வரிசையாக வைத்து ஓர் இரவு விடுங்கள். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறிவிடும். மலிவாக இருக்கிறதே என்று அதை அனுமதிக்காதீர்கள்.

18. விளிம்பைச் சுற்றிலும் முக்கால் அடிக்கு ஒன்றாக, துத்தநாகம் பூசிய ஐந்தங்குல ஆணி அடிக்க வேண்டும். சாதாரண ஆணி ஒரே மழையில் துருவேறி இழையைக் கறையாக்கும். இழையை இரு பக்கமும் விலக்கிவிட்டு அடித்தால் தலை வெளியே தெரியாது. அடித்து முடித்தபின் கையுறை போட்டுக்கொண்டு தரை முழுவதும் தடவிப் பாருங்கள். குழந்தையின் கால் படப்போகும் இடம் அது. ஆணி அடிக்கும் முன் 3-ஆம் குறிப்பில் வரைந்த தாளை மேஸ்திரி கையில் கொடுங்கள். வாசல் விளக்குக்குப் போகும் ஒயரும் தோட்டக் குழாயும் ஆழமில்லாமல்தான் புதைந்திருக்கும்.

19. கடைசியாக மணல். சதுர அடிக்கு அரைக் கிலோ கணக்கில், நன்றாகக் காய்ந்த சிலிகா மணல். நம் 168 சதுர அடிக்கு 85 கிலோ ஆகும். இது இழையை நிமிர்த்தி வைக்கும், புல் காற்றில் எழாமல் அழுத்தி வைக்கும், நேரடி வெயிலிலிருந்து அடித்துணியைக் காக்கும். ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் இழைச் சாய்வுக்கு எதிராகத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். எம்-சாண்டிலுள்ள தூள் நீர்த்துளையை அடைக்கும். கடல் மணல் உப்பு. இரண்டும் ஆகாது. விளையாட்டு மைதானத்தில் போடும் கறுப்பு ரப்பர்த் துகள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். சூட்டைக் கூட்டும், மழையில் அடித்துச் சாக்கடைக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதியின்படி, எட்டு ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு இத்தகைய துகள்களை அங்கே விற்க முடியாது.

20. மொட்டை மாடியில் விரிப்பதானால் வரிசையே மாறுகிறது. முதலில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று ஒரு மழைக்காலம் பார்த்து, வாட்டர்புரூஃபிங்கை முடித்துவிடுங்கள். ஆணி கூடாது, தளம் முழுக்கப் பசை பூசுவதும் கூடாது. பிற்பாடு கசிவு வந்தால் புல்லைச் சுருட்டி எடுக்க வழி இருக்க வேண்டும். புல்லுக்கு அடியில் முட்டு முட்டாக இருக்கும் வடிகால் பாயை விரித்தால் நீர் அதனடியில் ஓடித் துவாரத்தை அடையும். மழைநீர் இறங்கும் துவாரத்தைச் சுற்றி ஓர் அடி திறந்தே இருக்கட்டும். ஒரு வேப்பிலைக் கொத்து அடைத்தாலே மாடி குளமாகிவிடும். ஓரங்களில் தொட்டிச் செடிகளை வரிசையாக வைத்தால் காற்றுக்கும் எழாது. கார் ஷெட் போன்ற சிமெண்ட் தரைக்கும் இதே முறைதான்.

21. கோலத்துக்கும் விளக்குக்கும் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் புல்லுக்கு அளவெடுக்க வேண்டும். வாசற்படிக்கு முன்னால் நாலைந்து அடி கல்லாகவோ சிமெண்டாகவோ இருக்கட்டும். பாலிஎத்திலீன் நூற்றுச் சொச்சம் டிகிரியிலேயே உருகிவிடும். கார்த்திகை அகலின் எண்ணெய் வழிந்து திரி சாய்ந்தால், தீபாவளி மத்தாப்பின் சூடான கம்பியைக் குழந்தை கீழே போட்டால், அந்த இடம் கறுத்துக் கட்டியாகிவிடும். சாட்டையும் சக்கரமும் தெருப்பக்கம் மட்டும்தான். வாசலில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் வீடுகளில் கங்கு பறந்து விழாத தூரம் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவர்த்திச் சுருளையும் தட்டு இல்லாமல் வைக்காதீர்கள்.

22. நெருப்பே இல்லாமலும் புல் உருகும். பளபளக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஜன்னல்கள் வெயிலைக் குவித்துக் கீழே அடிக்கும். நாளுக்கு நாள் ஒரே கோட்டில் புல் சுருண்டு போவதைப் பார்த்தால் எலி என்று நினைக்காதீர்கள். அந்நேரம் அங்கே நின்று, எந்தக் கண்ணாடியிலிருந்து ஒளி விழுகிறது என்று பாருங்கள். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கொசு வலை அடித்தாலே பெருமளவு அடங்கும். உட்பக்கத் திரைச்சீலையால் பயனில்லை.

23. நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு: மூத்திரத்தால் புல் கெடாது, நாற்றம்தான் தங்கும். அன்றன்றைக்கு அந்த இடத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்துக் கழுவினால் வாடை போகும். ஃபினாயில் நாய் பூனைகளுக்கு ஆகாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இழைக்கும் பின்பூச்சுக்கும் ஆகாது.

24. பராமரிப்பே வேண்டாம் என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். வேப்பம்பூவும் முருங்கையிலையும் உதிரும் வீட்டில் தினமும் கூட்டியாக வேண்டும். சிற்றிலை இழைக்குள் மட்கினால் அதுவே மண்ணாகி, அதில் நிஜப் புல் முளைக்கும். கெட்டியான துடைப்பத்தால் இழைச் சாய்வுக்கு எதிராகக் கூட்டுங்கள். இரும்பு வாரி படக்கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தெளித்துக் கழுவுவதைக் குறையுங்கள். காய்ந்ததும் வெள்ளைப் படலம் தங்கும். மழைநீரோ குழாய் நீரோ நல்லது. மார்கழியில் நிழல் ஓரங்களில் பாசி பிடித்தால் தேய்த்துவிட்டு, அடைத்திருக்கும் தொட்டிகளை நகர்த்திக் காற்றோட்டம் கொடுங்கள்.

25. ஸ்கூட்டர் ஸ்டாண்டும் இரும்பு நாற்காலிக் காலும் புல்லைத் துளைக்கும். அடியில் ஒரு கடப்பைக்கல் துண்டு போடுங்கள். தொட்டிகளை மாதம் ஒருமுறை இடம் மாற்றினால் இழை நசுங்கிக் கிடக்காது.

26. வெட்டி மீந்த துண்டுகளைத் தூக்கிப்போடாமல் வையுங்கள். ஆனால் பிற்பாடு நடுவில் ஓர் இடம் கெட்டால், புதிய துண்டை அங்கே வைக்காதீர்கள்; வெளிறிய புல்லுக்கு நடுவே பளீரென்று தெரியும். தொட்டிக்குப் பின்னாலோ மூலையிலோ உள்ள பழைய புல்லை வெட்டி நடுவில் ஒட்டிவிட்டு, புதியதை மூலைக்கு அனுப்புங்கள். முழுப் புல்லும் ஓய்ந்து மாற்றும் நாள் வந்தால், தெருவில் போட்டுக் கொளுத்த விடாதீர்கள். பிளாஸ்டிக் புகை அக்கம்பக்கம் முழுவதற்கும் கேடு. மணலை உதறிவிட்டுச் சுருட்டினால், நல்ல பகுதிகள் நாய்க்கூண்டு அடியிலும் கார் ஷெட்டில் கால் துடைக்கவும் இன்னும் சில ஆண்டு உழைக்கும். கீழேயுள்ள ஜல்லித் தளத்தை அசைக்க வேண்டாம். ஒழுங்காகப் போட்டதானால் அடுத்த புல்லுக்கும் அதே தளம் போதும்.